கொழிஞ்சியும் அவுரியும்

படவேட்டில், ஜவ்வாது மலையடிவாரப் புறம்போக்குகளிலும் நெல் அறுத்த தரிசு வயல்களிலும் தானே முளைத்து நிற்கும் கொழிஞ்சியை அறியாத உழவர் இலர். அறிந்த செடியாதலாலேயே அதனை மதியாதாரும் பலர். மாடு மேயாத செடியால் யாது பயன் என்று வினவுவோர் உளர். மாடு மேயாமையே அதன் முதற் சிறப்பு என்பது எமது துணிபு. கோடையில், வேலியும் காவலும் இன்றி, வளர்ந்து உரமாகக் கூடிய பயிர் வேறு எத்தனை உள்ளன?

கொழிஞ்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் இதனை டெப்ரோசியா பர்பூரியா என்பர்; மலரின் ஊதா நிறம் பற்றி வந்த பெயர் அது. இரண்டு மூன்று அடி வளரும். காய் தட்டையாய்ச் சற்றே வளைந்திருக்கும். சிற்றிலையின் நுனியைப் பற்றி இழுத்தால் அது நேராகக் கிழியாமல் அம்பு முனைபோல் பிளக்கும். வடமொழியில் இச்செடிக்குரிய சரபுங்கம் என்னும் பெயரிலும் சரம், அதாவது அம்பு, அமைந்துள்ளது.

செடியை வேரோடு மெதுவாகத் தோண்டிப் பார்க்கும் அங்கத்தினர், வேரில் சிறு முண்டுகளைக் காண்பர். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள் அங்கே தொழில் செய்கின்றன என்பதற்கு அந்நிறமே அடையாளம். ஜெர்மானிய அறிஞர்களாகிய ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இவ்வுண்மையை நிலைநாட்டிய ஆண்டு 1888. யூரியாவுக்குக் கடன் மனு எழுதும் நம்மவர், அதே சத்தில் ஒரு பங்கைத் தம் தரிசிலேயே பெறலாம். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதே முறை. கடந்தால் தண்டு கட்டையாகி, மட்கத் தாமதமாகும்.

நெசவாளர் அங்கத்தினர்க்கு உறவுடையது இதே குடும்பத்து அவுரி. தழையைக் கண்டு இரண்டையும் மயங்குவோர் உண்டு. அவுரியின் காய் உருண்டு மெல்லியதாய் இருக்கும். இலை உலர்ந்தால் கருநீலமாகும். அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, வடித்த நீரைக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் படியும். அது நீரில் கரையாது. ஆகவே சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் நூலைத் தோய்ப்பது நம் நாட்டுப் பழைய முறை. தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாகத் தோன்றும் நூல், காற்றுப்பட்டதும் நீலமாவதைக் கண்டவர் மறவார். 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் இத்தொழில் நலிந்தது. ஆயினும் திண்டிவனத்துச் சுற்றுப்புறத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. சாயம் எடுத்த சக்கையும் வயலுக்கு உரமே. சாயத் தொட்டியும் ஏரும் ஒரே செடியை நம்பிய காலம் அது.

மீண்டும் கொழிஞ்சிக்கு வருவோம். இக்காலத்தில் வரப்புகளில் களைக்கொல்லி தெளிக்கும் வழக்கம் பரவியுள்ளது. காய் முற்றுமுன் செடி கருகினால், அடுத்த ஆண்டு முளைக்க மண்ணில் விதை ஏது? சென்ற ஆண்டு உதிர்ந்த விதையே இவ்வாண்டுத் தழை. எனவே ஒவ்வொருவரும் ஒரு வரப்பையேனும் விதைக்கென விட்டுவைத்தல் நலம். காய் வெடித்துச் சிதறுமுன் பறித்து நிழலில் உலர்த்த வேண்டும்.

விதைத்தவர் சிலர், முளைக்கவில்லை என்று கடைக்காரரை நோவர். விதை பழுதன்று. அதன் மேல்தோல் மெழுகு பூசியதுபோல் நீரை உட்புகவிடாது. மணலோடு சேர்த்துக் கல்லுரலில் இலேசாகத் தேய்த்தால் போதும். பருப்பு உடையாதபடி கை நிதானம் வேண்டும். கைக்கு மினுமினுப்பு மங்கித் தோன்றும்போது நிறுத்திவிட்டு, ஈரம் உள்ள நாளில் ஏக்கருக்குச் சுமார் 8 கிலோ தூவுக.