திரைக்கு வெளியே – 9: செஞ்சோற்றுக் கடன்

1978 ஆஸ்கர் மேடையில் பேசிய பேச்சுக்காக நடிகை வனெஸ்ஸா ரெட்கிரேவ் பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் பகைத்துக்கொண்டது அரசியல் எதிரிகளை. தன்னை உலகறியச் செய்த எழுத்தாளரையே ஒரு நடிகர் எதிர்த்துப் பேச நேர்ந்தால்?

டேனியல் ராட்கிளிஃபுக்கு அது 2020 ஜூனில் நேர்ந்தது. 11 வயதில் ஹாரி பாட்டராகத் தேர்வானவர். அந்தக் கதைகளை எழுதிய ஜே.கே. ரௌலிங், ‘மாதவிடாய் வருபவர்கள்’ என்று ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்ததை ட்விட்டரில் கிண்டலடித்தார். இவர்களைக் குறிக்க முன்பு ‘பெண்’ என்று ஒரு சொல் இருந்ததே என்பது போல. திருநர்களும் அவர்களின் ஆதரவாளர்களும் கொதித்தார்கள்.

இரண்டே நாளில் ராட்கிளிஃபின் அறிக்கை வந்தது. அதை வெளியிட்டது ட்ரெவர் ப்ராஜெக்ட். தன்பால் ஈர்ப்புள்ள, திருநர் இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க அமெரிக்காவில் இயங்கும் அமைப்பு அது. சுமார் பத்தாண்டுகளாக அவர் அதற்குத் துணைநின்றவர். திருநங்கைகள் பெண்களே என்று நேராகச் சொன்னார். தன் வாழ்க்கை இந்தப் பாதையில் வந்ததற்கு ரௌலிங்தான் காரணம் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். இதை எங்கள் இருவரின் சண்டையாகச் சில பத்திரிகைகள் காட்டக்கூடும், ஆனால் விஷயம் அதுவல்ல என்றும் சொன்னார். பத்திரிகைகள் கேட்டனவா என்ன! அவருடன் அந்தப் படங்களில் நடித்த எம்மா வாட்சனும் ரூபர்ட் கிரின்டும் அதே பக்கம் சேர்ந்தபோது, ‘வளர்த்தவரை உதைத்த பிள்ளைகள்’ என்ற கதை தயாராகிவிட்டது. துரியோதனன் சோற்றைத் தின்ற கர்ணனிடம் எதிர்பார்த்ததைத்தான் இவர்களிடமும் எதிர்பார்த்தார்கள்.

ஜூன் 10 அன்று ரௌலிங் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். முதல் திருமணத்தில் பட்ட வன்முறையையும், தான் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதையும் அதில் வெளிப்படுத்தினார். பிறப்பால் பெண்ணானவர்களுக்கு மட்டுமான இடங்கள் வேண்டும் என்பது அவர் வாதம். வெறும் பேச்சோடு நிற்கவும் இல்லை. 2022இல் எடின்பரோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக ‘பெய்ராஸ் பிளேஸ்’ என்ற உதவி மையத்தைத் தன் பணத்தில் தொடங்கினார். அங்கே திருநங்கைகளுக்கு இடமில்லை. மறுபக்கம் நிற்கும் வாட்சனோ 2014இல் ஐ.நா. தலைமையகத்தில் பெண்ணியத்துக்காகப் பேசி உலகக் கவனம் பெற்றவர். ஆக, இது பெண்ணியத்துக்கும் அதன் எதிரிகளுக்கும் நடக்கும் சண்டை அல்ல. பெண்ணியத்தின் வீட்டுக்குள்ளேயே நடப்பது. ‘ஹாலிவுட் நட்சத்திரங்கள் எதிர் ரௌலிங்’ என்ற தலைப்புகள் மறைத்தது இதைத்தான்.

ஹாரி பாட்டர் படங்களின் மூத்த நடிகர்கள் சிலர் ரௌலிங் பக்கம் நின்றார்கள். ஹாக்ரிட்டாக நடித்த ராபி கோல்ட்ரேன் 2020லேயே பேசினார். ஹெலனா பான்ஹாம் கார்ட்டரும் ரேல்ஃப் ஃபைன்ஸும் 2022இல். மால்ஃபாயாக வந்த டாம் ஃபெல்டன் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல், ரௌலிங்குக்கு நன்றி சொல்லி நகர்ந்துகொண்டார். கெட்டிக்காரர்!

எடி ரெட்மெய்னின் நிலை வேறு. ரௌலிங் எழுதிய ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ படங்களின் நாயகனான அவரும் 2020இல் ரௌலிங்கை மறுத்தார். ஆனால் 2015இல் ‘தி டேனிஷ் கேர்ள்’ படத்தில் திருநங்கை லிலி எல்பேயாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் அவர். அந்த வாய்ப்பை ஏற்றது தவறு, இன்றென்றால் ஏற்கமாட்டேன் என்று 2021இல் சொன்னார். அறிக்கை விடுவதைவிட இதற்குக் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும். தனக்கு ஆஸ்கர் பரிந்துரை தந்த வேடத்தையே அல்லவா கைவிட வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 16 அன்று, சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது உயிரியல் பாலினத்தையே குறிக்கும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரௌலிங் கொண்டாடினார். தங்கை லக்ஸ் திருநங்கை என்பதால் இதில் சொந்த வலி உள்ள நடிகர் பெட்ரோ பாஸ்கல், இன்ஸ்டாகிராமில் ரௌலிங்கைக் கடுமையாகச் சாடினார். செப்டம்பரில் வாட்சன், ரௌலிங் மீதான அன்பு தனக்குப் போகவில்லை என்று ஒரு பாட்காஸ்டில் சொன்னார். ரௌலிங்கின் பதில் சூடாக வந்தது: நிஜ வாழ்க்கை அனுபவமே அதிகம் இல்லாதவர் வாட்சன்.

அதே ஆண்டில்தான் எச்.பி.ஓ.வின் புதிய ஹாரி பாட்டர் தொடருக்கு ஸ்னேப்பாகத் தேர்வாகியிருந்த பாப்பா எசியடு, திருநர் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டார். ரௌலிங் அந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர். எசியடுவை நீக்குவாரா என்று கேள்வி கிளம்பியது. நீக்கும் அதிகாரம் தனக்கில்லை, இருந்தாலும் மாற்றுக் கருத்துக்காக ஒருவரின் வேலையைப் பறிக்கமாட்டேன் என்றார் ரௌலிங். அந்தக் கோடையில் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது. எசியடுதான் ஸ்னேப்.