மணிமேகலையின் ஏதுப்போலியும் அந்நூலின் காலமும்

நல்ல வாதம் இன்னதென விரித்துரைக்கும் பழந்தமிழ்ப் பகுதிகளுள் தலையாயது, மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் அளவை நெறியாகும். காட்சியும் கருத்துமே அளவை; உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துள் அடங்குமாதலின் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் மூன்றே வாதத்தின் உறுப்பு. போலிகளோ, பக்கத்தில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10. மாணாக்கர் இவ்வெண்களை மனனம் செய்வர். தம் கட்டுரையை இவற்றால் உரைத்துப் பார்ப்பவர் அரியர்.

ஏதுப்போலிகளுள் ஒன்று சித்தாசித்தம். ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராததொன்றைப் புகையெனக் கொண்டு, தீ உண்டெனத் துணிதல் அது. மார்கழி வைகறையில் வடமதுரையினின்று திண்டுக்கல் வழியே சிறுமலைக்குச் செல்வார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மலையில் மெய்யாகவே தீ இருப்பினும் அவ்வாதம் போலியே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மற்றொன்று சாதாரணம்: ஏது சபக்கத்தும் விபக்கத்தும் ஒப்பச் செல்வது. ‘ஒலி அழிவது, அறியப்படுதலின்’ என்பார்க்கு, அழியாததெனக் கொள்ளப்பட்ட ஆகாயமும் அறியப்படுவதன்றோ என விடையிறுக்கலாம்.

இனி, இக்காதை சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. இவ்வொப்புமை கொண்டு மணிமேகலை அதற்குப் பிற்பட்டதென்பார் உளர். 1928-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியில் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார், மணிமேகலை திங்நாகர்க்கும் முற்பட்டதென்றார். ஒப்புமை மட்டுமே ஏதுவாயின், கடன் கொடுத்த நூற்கும், கொண்ட நூற்கும், ஒரு மூலத்தினின்று கிளைத்த இரு நூல்கட்கும் அது பொது, ஆதலின் சாதாரணமேயாம். நியாயப்பிரவேசத்தை யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் பெயர்த்தமையால், அந்நூல் அவ்வாண்டிற்குப் பிற்பட்டதன்று என்பது துணிபு. கடன் சென்ற திசை தெளியாதவரை, அவ்வாண்டு மணிமேகலைக்கு எல்லையாகாது.

வேண்டுவது ஒரு திசைக்கே உரிய ஏது. சித்தாசித்தம் என்னும் பெயரே அத்தகையதாகலாம். விளக்கம் ஐயத்தைக் கூற, பெயரில் ஐயப்பொருள் இல்லை. வடநூல் வழங்கும் ‘சந்திக்தாசித்தம்’ என்பதன் சிதைவாக அதனைக் கொள்ளின், விளக்கமும் பெயரும் பொருந்தும். ஆயின் இதுவும் வடமொழி அளவை மரபைக் காட்டுமேயன்றி, நியாயப்பிரவேசத்தையே காட்டாது. சிதைவு ஆசிரியரதோ ஏடெழுதினாரதோ என்பதும் ஏடுகளின் பாடங்களை ஒப்புநோக்கிய பின்னரே கூறற்பாலது. அதுகாறும், யான் காலம் குறிக்கத் துணியேன்.