ஹெச்-இண்டெக்ஸ் 250-க்கு மேல்: கார்ல் ஃப்ரிஸ்டனின் எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

பிஎச்.டி முடித்த நண்பர் யாராவது இருந்தால், "உன் ஹெச்-இண்டெக்ஸ் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைக் கேட்டதைவிட அதிகமாக நெளிவார். ஆராய்ச்சி உலகில் வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாவற்றிலும் அந்த ஒற்றை எண் எட்டிப் பார்க்கிறது.

அந்த எண்ணில் உச்சத்தில் நிற்பவர்களில் ஒருவர் கார்ல் ஃப்ரிஸ்டன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் (யுசிஎல்) நரம்பியல் ஆய்வாளர், அடிப்படையில் மனநல மருத்துவர். 2016-ல் 'செமான்டிக் ஸ்காலர்' தேடுதளம், அதிகத் தாக்கம் ஏற்படுத்திய நரம்பியல் விஞ்ஞானிகள் பட்டியலில் இவரை முதலிடத்தில் வைத்தது. கூகுள் ஸ்காலரில் இவரது ஹெச்-இண்டெக்ஸ் 250-ஐத் தாண்டிவிட்டது.

சரி, 250-ன்னா என்ன?

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. உங்கள் ஆய்வுக் கட்டுரைகளை, மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற வரிசையில் அடுக்குங்கள். ஐந்து கட்டுரைகள், மேற்கோள்கள் முறையே 40, 12, 5, 4, 1 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன. 5 மேற்கோள் பெற்றவை ஐந்து இல்லை. ஆக, ஹெச்-இண்டெக்ஸ் 4. அந்த முதல் கட்டுரை 40-க்குப் பதில் 4,000 மேற்கோள் வாங்கியிருந்தாலும் அதே 4தான்!

ஃப்ரிஸ்டனுக்கு வருவோம். ஒவ்வொன்றும் 250 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 250-க்கு மேல் இருக்கின்றன. அவர் பெயரைக் கேட்டதும் பலருக்கும் ஞாபகம் வருவது 'ஃப்ரீ எனர்ஜி' கோட்பாடு. மூளை உலகைத் தொடர்ந்து கணித்துக்கொண்டே, தன் கணிப்பில் வரும் பிழையைக் குறைக்கப் பார்க்கிறது என்பது அதன் சாரம். (புரியவில்லை என்றால் கவலை வேண்டாம், நரம்பியல் பேராசிரியர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.) ஆனால் மேற்கோள் மலையில் பெரும் பகுதி வேறொன்றால் வந்தது: எஸ்பிஎம் என்ற மென்பொருள்.

மூளை ஸ்கேனைப் பொடிப் பொடிக் கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 'இந்த வேலையைச் செய்யும்போது இங்கே செயல்பாடு கூடியதா?' என்று புள்ளியியல் சோதனை நடத்துவதுதான் எஸ்பிஎம். ஒவ்வொருவர் தலையும் ஒவ்வொரு வடிவம் என்பதால், எல்லா மூளைகளையும் ஒரே வரைபடத்துக்குள் பொருத்தும் வேலையையும் அது செய்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கிய ஃப்ரிஸ்டன், சக ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார். அதைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் கட்டுரையில் அதற்கான ஆய்வைக் குறிப்பிட வேண்டும் இல்லையா? மனச்சோர்வு, டிமென்ஷியா, மொழி என எதை ஆராய்ந்தாலும் ஒரு மேற்கோள் இவர் கணக்கில் ஏறும். வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையும் ஒரு கருவி வகைதான்: புரதத்தை அளப்பது எப்படி என்று 1951-ல் லௌரி குழு எழுதியது, 3 லட்சத்துக்கும் மேல்.

இது குறையா? என்னைக் கேட்டால், இல்லை. பல்லாயிரம் பேர் நம்பிப் பயன்படுத்தும் கருவியைத் தருவதும் பெரிய பங்களிப்புதான். ஆனால் அது கண்டுபிடிப்பின் அளவுகோல் அல்ல.

அதே யுசிஎல்-லில் ஜான் ஓ'கீஃப் என்று ஒருவர். எலி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஹிப்போகேம்பஸில் குறிப்பிட்ட செல்கள் மட்டும் தூண்டப்படுவதை 1971-ல் ஒரு சின்னக் கட்டுரையில் எழுதினார். 2014-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இடையில் 43 வருடம். இன்றைய ஒப்பந்தப் பணி ஆய்வாளர் எவராலும் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது, அவருக்கு அடுத்த வருட நேர்காணலுக்கே எண் தேவை.

பாராட்டா, சந்தேகமா?

மேற்கோளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 2006-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் அல்சைமர் கட்டுரை, நினைவிழப்புக்குக் காரணமாக ஒரு குறிப்பிட்ட புரதத் தொகுப்பைச் சுட்டியது. 2022-ல் அதன் படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற கேள்வியை 'சயின்ஸ்' இதழின் புலனாய்வு எழுப்பியது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டபோது மேற்கோள்கள் சுமார் 2,500. அதற்குள் அதை நம்பிப் பல ஆய்வகங்களின் பணமும் இளம் ஆய்வாளர்களின் வருடங்களும் போய்விட்டன. மேற்கோள் எண்ணிக்கையோ அப்படியே நிற்கிறது.

இந்தியாவிலும் எண்ணின் அழுத்தம் புதிதல்ல. பிஎச்.டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022 நவம்பரில் நீக்கியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் அதற்குள் நன்றாகவே வளர்ந்திருந்தன.

அடுத்த முறை யாருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தையாவது திறந்தால், மேலே உள்ள எண்ணை விட்டுவிட்டு முதல் ஐந்து கட்டுரைகளைப் பாருங்கள். அவை கருவியா, தொகுப்புரையா, புதிய கண்டுபிடிப்பா? ஆசிரியர் வரிசையில் இவர் எங்கே இருக்கிறார்? ஒருவர் தன்னையே மேற்கோள் காட்டிக்கொள்வதையும் கூகுள் ஸ்காலர் சேர்த்தே எண்ணும். அதைக் கழித்துப் பார்க்கும் வசதி ஸ்கோபஸில் உண்டு.