சினைப்பை புற்றுநோய் ஆபரேஷன்: லேப்ராஸ்கோபியா, ஓபன் சர்ஜரியா? தழும்பைவிட முக்கியமான கேள்வி எது?

சினைப்பையில், அதாவது ஓவரியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல குடும்பங்கள் டாக்டரிடம் கேட்பது, "லேப்ராஸ்கோபியில பண்ண முடியாதா?" என்பதைத்தான். நியாயமான கேள்விதான். பித்தப்பைக் கல்லுக்குச் சின்னத் துளைகள் போட்டு ஆபரேஷன் செய்து, ஓரிரு நாளில் வீடு திரும்பியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். போதாததற்கு ரோபோட்டிக் சர்ஜரி விளம்பரங்கள் வேறு ரீல்ஸில் வந்துகொண்டே இருக்கின்றன.

ஆனால் இந்தப் புற்றுநோயில் தழும்பின் நீளத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு, வயிற்றுக்குள் கட்டி எவ்வளவு மிச்சம்?

ஏன் பெரிய ஆபரேஷன்?

சினைப்பை புற்றுநோய் ஒரே இடத்தில் கட்டியாக நிற்பதில்லை. அதன் செல்கள் உதிர்ந்து, வயிற்றுக்குள் இருக்கும் திரவத்தோடு பயணிக்கின்றன. குடலின் மேல், உதரவிதானத்தின் அடியில், வயிற்றின் உள்சவ்வில் என விதை தூவியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது என அறிகுறிகள் அஜீரணம் மாதிரியே இருப்பதால், பெரும்பாலானவர்களுக்கு இது முற்றிய நிலையில்தான் தெரியவருகிறது.

அதனால்தான் வயிற்றின் நடுவே நீளமாகத் திறக்கிறார்கள். சினைப்பைகள், கருக்குழாய்கள், கருப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். தேவைப்பட்டால் குடலின் ஒரு பகுதி, மண்ணீரல்கூட போகும். மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன முடிச்சுகளைச் சர்ஜன் கையால் தடவியே கண்டுபிடிக்க முடியும். 1 செ.மீ.க்குக் குறைவாக மிச்சம் இருந்தால் போதும் என்று ஒருகாலத்தில் நினைத்தார்கள். இப்போது இலக்கு, கண்ணுக்குத் தெரிந்து எதுவுமே மிஞ்சக்கூடாது என்பது.

முதலில் கத்தியா, கீமோவா?

மருத்துவ உலகம் அதிகம் சண்டை போட்டது இந்தக் கேள்விக்குத்தான். ஒரு வழி, முதலிலேயே ஆபரேஷன் செய்துவிட்டு கீமோதெரபி கொடுப்பது. இன்னொன்று, மூன்று சுற்று கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் செய்து, மிச்ச கீமோவைத் தொடர்வது. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் இரண்டு தரப்பிலும் வாழ்நாள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 29, 30 மாதங்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணங்கள் மட்டும் கீமோ முதலில் பெற்றவர்களிடம் குறைவு.

"அந்த ஆபரேஷன்களே சரியாக நடக்கவில்லை" என்று விமர்சனம் எழுந்தது. அதனால் ட்ரஸ்ட் என்ற புதிய ஆய்வில், திறமையை நிரூபித்த மருத்துவமனைகளை மட்டுமே சேர்த்தார்கள். 2025இல் வந்த முடிவு: முதலில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு 54 மாதங்கள், கீமோ பெற்றவர்களுக்கு 48 மாதங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். நோய் திரும்பாமல் இருந்த காலம் மட்டும் ஆபரேஷனை முதலில் செய்தவர்களுக்குத் தெளிவாகக் கூடியிருந்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், உடல் தாங்கும், முழுசாக எடுத்துவிட முடியும் என்றால் முதலில் ஆபரேஷன். இல்லையென்றால் கீமோவில் தொடங்குவது இரண்டாந்தர சிகிச்சை ஒன்றுமில்லை.

நிறைய வெட்டினால் நல்லதா?

இல்லை. இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது லயன் என்ற ஆய்வு. 2019இல் வெளியானது, 647 பெண்கள். எல்லோருக்கும் கட்டி முழுசாக எடுக்கப்பட்டது. நிணநீர் முடிச்சுகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. பாதிப் பேருக்கு அவற்றையும் நீக்கினார்கள். நீக்கியதைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உள்ளே புற்றுநோய் செல்கள் இருந்தன. அப்போ நீக்கியது நல்லதுதானே? வாழ்நாள் கூடவே இல்லை: நீக்கியவர்களுக்கு 65.5 மாதங்கள், நீக்காதவர்களுக்கு 69.2. அதோடு, மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை வந்தவர்கள் 12.4 சதவீதம், நீக்காதவர்களில் 6.5. 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் 3.1 சதவீதம், மற்ற தரப்பில் 0.9. பல ஆண்டுகளாக வழக்கமாகச் செய்துவந்த ஒன்று இது!

ஆபரேஷன் முடியும் நேரத்தில் சூடான கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுற்றவிடும் 'ஹைபெக்' முறையும் அடிக்கடி காதில் விழும். 2018இல் நெதர்லாந்து ஆய்வில் வாழ்நாள் 33.9 மாதங்களிலிருந்து 45.7 ஆகக் கூடியது. ஆனால் அது மூன்றாம் நிலையில் கீமோ முடித்து ஆபரேஷனுக்கு வந்தவர்களிடம் நடந்த ஆய்வு. எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்போ லேப்ராஸ்கோபிக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆரம்பநிலையில், கட்டி சின்னதாக இருந்தால் செய்யலாம். நிபந்தனை, கட்டி உள்ளே உடையக்கூடாது. உடைந்தால் 1ஏ நிலை 1சி ஆகிவிடும், கீமோ தேவைப்படலாம். அதனால்தான் கட்டியை ஒரு பைக்குள் போட்டு வெளியே எடுக்கிறார்கள்.

முற்றிய நிலையில் அதன் பெரிய பயன் வேவு பார்ப்பது. கேமராவை உள்ளே விட்டு, முழுசாக எடுக்க முடியுமா என்று முதலிலேயே பார்த்துவிடலாம். 2017இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், இப்படிப் பார்த்ததால் வீணாக வயிற்றைத் திறந்தது 39 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்கு முழு ஆபரேஷனையே லேப்ராஸ்கோபியில் முடிக்கலாமா என்பதை லேன்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு சோதித்து வருகிறது.

டாக்டரிடம் கேட்க இரண்டு கேள்விகள் கையில் இருக்கட்டும். உங்கள் குழு வருடத்துக்கு எத்தனை சினைப்பை புற்றுநோய் ஆபரேஷன் செய்கிறது? அதில் எத்தனை பேருக்கு முழுசாக எடுக்க முடிகிறது? ட்ரஸ்ட் ஆய்வில் சேர மருத்துவமனைகளுக்கு வைத்த அளவுகோல் வருடத்துக்கு 36 ஆபரேஷன்; முதலிலேயே செய்யும் ஆபரேஷன்களில் குறைந்தது பாதியில் முழு நீக்கம். ஆபரேஷன் முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆர்0' என்று இருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மிஞ்சவில்லை என்பதற்கான குறியீடு அது. அங்கே எதுவுமே எழுதவில்லை என்றால், கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்துப் பார்க்கப்போகும் கீமோ டாக்டருக்கு அது தேவைப்படும்.