தீயை அடிக்கும் பச்சைக் கொப்பு

மலை உச்சியில் புல் பற்றி எரிகிறது. வாகனம் போகப் பாதையில்லை, பக்கத்தில் தண்ணீரும் இல்லை. அந்தத் தீயை எப்படி அணைப்பீர்கள்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் றிவர்ஸ்டன் ஏறியவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆளையே தள்ளும். ஆடி, ஆவணியில் மலையின் மேற்குப் பக்கம் மழையில் நனைந்து கிடக்கும். அதே காற்று கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து கச்சானாய்ச் சுடும். பத்தனைப் புல் காய்ந்து சருகாகும். யாரோ மூட்டிய சின்ன நெருப்பு போதும்!

வீட்டை விட்டுத் தொலைவில் காவலிருக்கும் வன உத்தியோகத்தர்கள் அப்போது கையில் எடுப்பது, இலை அடர்ந்த பச்சைக் கொப்பு. தீயின் விளிம்பில் நின்று, எரிந்து முடிந்த பக்கமாகவே நெருப்பை அடித்து அமுக்குவார்கள். இன்னொரு புறம் புல்லைச் செதுக்கி, வெறும் மண் தெரிய ஒரு பட்டை வெட்டுவார்கள். எரிய எதுவும் கிடைக்காமல் தீ அங்கே நின்றுவிடும். ஆனாலும் உடனே இறங்கி வர முடியாது. அடியில் கிடக்கும் தணல் காற்றில் மறுபடி மூளும்.

இந்தப் பாடெல்லாம் வீண் போகவில்லை. 2010இல் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டில் இந்த நக்கிள்ஸ் காடும் அடக்கம். மூக்கு நுனியில் சிறு இலை முளைத்தாற்போல ஓர் ஓணான் இங்கே வாழ்கிறது. மெதுவாகத்தான் நகரும், பாவம். உலகில் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை.