வளாகம் முழுக்க ஒரே கிளிக்கர்: யாருக்கு லாபம்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கிளிக்கர்' என்றொரு சின்னக் கருவி உண்டு. பார்க்க டிவி ரிமோட் மாதிரிதான் இருக்கும். ஆசிரியர் திரையில் ஒரு கேள்வி போடுவார். மாணவர்கள் ஏ, பி, சி, டி, ஈ என்ற பட்டன்களில் ஒன்றை அமுக்குவார்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று உடனே திரையில் வந்துவிடும். 300 பேர் இருக்கும் வகுப்பில் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருக்க முடியாது இல்லையா?

சிக்கல் எங்கே வருகிறது? இயற்பியல் ஆசிரியர் ஒரு கம்பெனிக் கருவியையும் வேதியியல் ஆசிரியர் இன்னொன்றையும் கேட்கும்போது. பெரும்பாலும் இதை மாணவர்தான் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். ஒரே செமஸ்டருக்கு இரண்டு கருவி! அறைக்கு அறை வேறு ரிசீவர், வேறு மென்பொருள் என்றால் ஐடி ஆட்கள் பாடு திண்டாட்டம். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்கே ஒரு கருவி என்று முடிவெடுத்தன. நான்கு வருடமும் அந்த ஒன்றே போதும், போகும்போது ஜூனியருக்கு விற்றும் விடலாம்.

ஆரம்பக் கிளிக்கர்கள் அகச்சிவப்புக் கதிரில் இயங்கின. ரிசீவரைப் பார்த்து நீட்ட வேண்டும், முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் போச்சு. பிறகு ரேடியோ அலை வந்தது. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் உருவாக்கிய ஐகிளிக்கர் இந்த வகை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தனி எண், அதை மாணவர் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். எல்லோரிடமும் ஒரே கருவி என்றால் பக்கத்து வகுப்பு விடை இங்கே வந்து விழாதா? அதற்குத்தான் அறைக்கு அறை வேறு அலைவரிசைக் குறியீடு.

சரி, இதனால் பாடம் புரிகிறதா? ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் ஒரு முறையைத் தொடங்கினார். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்பது போல ஒரு கேள்வி. நிறைய பேர் பூஜ்யம் என்பார்கள். தப்பு, புவியீர்ப்பு அப்போதும் இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது? ஆனால் ஆசிரியர் விடையை உடனே சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மறுபடி விடை சொல்ல வேண்டும். இதே முறையை ஒரு வகுப்பில் கிளிக்கரோடும் இன்னொன்றில் வெறும் அட்டைகளோடும் நடத்தி ஒப்பிட்டார் கனடாவின் நத்தானியேல் லாஸ்ரி. 2008-ல் வெளியான அவர் முடிவு: கற்றலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, வேலை செய்தது விவாதம்தான்.

கிளிக்கரை வருகைப்பதிவு ஆக்கினால் என்ன ஆகும்? 2014-ல் டார்ட்மத் கல்லூரியில் வகுப்புக்கு வராத மாணவர்களுக்காக நண்பர்கள் பட்டனை அமுக்கினார்கள். 64 பேர் மேல் நடவடிக்கை. பாடம் என்ன தெரியுமா? விளையாட்டும் அறமும்!

மாணவர் காசு மிச்சம் என்பதால் வளாகத்துக்கு ஒரே கருவி நல்லதுதான். ஆனா இப்போது கருவி போய் மொபைல் செயலி வந்துவிட்டது. செயலிக்குக் கட்டும் சந்தாவை ஜூனியருக்கு விற்க முடியாது. அதனால் தேர்வுக் குழு முதலில் பேச வேண்டியது இரண்டு விஷயம்: சந்தாவை யார் கட்டுவது, விவாதம் நடத்த ஆசிரியர்களுக்கு யார் பயிற்சி தருவது.