தகவல் துளி: சுத்தியலும் காபி ஜாடியும்

சாமளாபுரத்துத் தறி குடோனில் தறியை நிறுத்திவிட்டு, டீ வரும்வரை போனைத் தடவுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தத் துளி உங்களுக்குத்தான்.

2019 மே மாதக் கடைசி. ஃபேஸ்புக்கில் ஒருவர் சுத்தியல் படத்தைப் போட்டு, “உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டார். நம்மவர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையில் இது விழுந்த கதையையும் சேர்த்தார். 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் பாத்திரம் அது. அவ்வளவுதான்! நேசமணி பிழைக்க வேண்டும் என்ற பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் டிரெண்ட் ஆனது. பதினெட்டு வருசம் கழித்து நலம் விசாரிப்பு!

இன்னொன்று. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்களுக்கு ஒரு சலிப்பு. காபிக்காக நடந்து போனால் ஜாடி காலி! ஜாடிக்கு எதிரே கேமராவை வைத்து, இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கும் வந்தது. உலகின் முதல் வெப்கேமரா என்று பெயர் பெற்றதும் அதுதான்.

யூடியூபின் முதல் வீடியோவோ 19 வினாடிதான். 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது. மிருகக்காட்சி சாலையில் நின்று ஒருவர், யானைத் தும்பிக்கை நீளம் என்கிறார். நமக்குத் தெரியாததா!

டீ வந்தாச்சு. தறியை ஓட்டுங்கள், பாட்டை நாங்கள் ஓட்டுகிறோம்!